முயல் பிடித்த விரதம்

அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடிக்கிற கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தில் போட நாலு வரி எழுதித் தா என்று பெரியப்பாவின் மகன் கேட்டார். "பக்கத்திலை இருந்து பாத்தவள் நீதானே. நீ எழுதாமல் வேறை ஆர் எழுதிறது?" என்றார். தேவாரம், வம்ச விளக்கம், நன்றி சொல்லும் பக்கம் எல்லாம் அச்சுக்குப் போய்விட்டன. என்னுடைய பக்கம் மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது.

மூன்று நாளாகக் கொப்பியும் பேனையுமாக இருக்கிறேன். "அன்பின் உருவே" என்று தொடங்கி வெட்டினேன். "குலவிளக்கே" என்று எழுதி அதையும் வெட்டினேன். அம்மா ஒருநாளும் அப்படி இருக்கவில்லை. கண்ணை மூடினால் அம்மா கிணற்றடியில் ஈரத்தலையோடு நிற்கிறார், பக்கத்தில் முயல்கூடு இருக்கிறது. முயலை விட்டுவிட்டு எனக்கு அம்மாவை எழுத வரவில்லை.

ஆகவே இது கல்வெட்டுக்கு இல்லை. உரும்பிராயில் அந்த ஒழுங்கையில் என்னோடு ஓடித்திரிந்த உங்களுக்கு. நீங்கள் இப்போது எங்கெங்கே இருக்கிறீர்களோ. என்னுடைய படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது உங்களுக்குத் தெரியும். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முயல் அண்ணையுடையது. கோப்பாய்ப் பக்கம் ஒரு வீட்டில் குட்டியாக வாங்கி, சேட்டுக்குள் வைத்துச் சைக்கிளில் கொண்டுவந்தான். வெள்ளை நிறம். இடது காதின் நுனி மட்டும் கரிச்சட்டியில் தொட்டதுபோலக் கறுப்பு. தேயிலைப் பெட்டிப் பலகையும் பழைய கோழிக்கூட்டு வலையும் வைத்துக் கூடு அடித்து, குசினிக்குப் பின்னால் மாமரத்துக்குக் கீழே வைத்தான். கூட்டின் அடிக்குக் கமுகஞ்சிலாகையை இடைவெளி விட்டு அடித்திருந்தான். புழுக்கை அந்த இடைவெளியால் நிலத்தில் விழும். ஐயா அதைக் கூட்டி அள்ளி மிளகாய்க் கன்றுக்குப் போடுவார். "உந்த வீட்டிலை எனக்கு உதவியாய் இருக்கிறது உவன் ஒருத்தன்தான்" என்று அண்ணைக்குக் கேட்கச் சொல்லுவார்.

அண்ணை போனது வைகாசி மாதம். வெளிநாடு போகவென்று கொழும்புக்குப் புறப்பட்டான். சண்டையால் பாதை மூடியிருந்த காலம், கடலேரியை வள்ளத்தில் கடந்துதான் போக வேண்டும். வாசல் படலையடியில் அம்மா அழுதுகொண்டு நின்றார். அண்ணை என்னைக் கூட்டடிக்குக் கூட்டிக்கொண்டுபோனான்.

"அது சாப்பிடுதோ எண்டு மட்டும் பார். சாப்பிட்டால் எல்லாம் சரி. சாப்பிடாட்டில் உடனை ஆரிட்டையும் சொல்லு."

"ஆரிட்டை?"

"ஆரிட்டையாவது சொல்லடி. நீயே வைச்சுக்கொண்டிராதை."

எனக்கு அப்போது பத்து வயது. இந்த ஒரு பொறுப்பைத்தான் அவன் எனக்குத் தந்துவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு ஐந்து மாதமாகியும் கடிதம் இல்லை. தபால் சரியாக வராத காலம் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். வள்ளம் ஏறிய சிலர் போய்ச் சேரவில்லை என்பதும் தெரியும். எங்கள் வீட்டில் முதலாவதை மட்டும்தான் கதைத்தோம். இரண்டாவது வாய்க்கு வரவில்லை.

ஐப்பசியில் கந்தசஷ்டி தொடங்கியது. அந்த வருசம் அம்மா ஆறு நாளும் இளநீரில் இருப்பதாக நேர்ந்துகொண்டார். முதல்நாள் கோயிலில் கையில் தர்ப்பைக் காப்புக் கட்டிக்கொண்டு வந்து, "கடிதம் வரவேணும், வேறை ஒண்டும் நான் கேக்கேல்லை" என்றார். ஒரு நாளைக்கு ஒரு இளநீர், அதுவும் பின்னேரப் பூசை முடிந்து வந்த பிறகு. சூரன்போர் முடிந்து, ஏழாம்நாள் பாரணை செய்து, அதற்குப் பிறகுதான் சோறு.

எனக்கும் ஐயாவுக்கும் மத்தியானம் ஒரு சோறும் பருப்பும் வரும், அவ்வளவுதான். கறிக்குக் கீரை ஆயவில்லை, கரட் சீவவில்லை, முட்டைக்கோவா வெட்டவில்லை. முயலுக்கு வழக்கமாக விழுகிற தண்டும் தோலும் அந்தக் கிழமை விழவில்லை. வெளியில் மழை விடாமல் பெய்தது. ஈரப்புல்லைக் கொடுத்தால் வயிறு ஊதும் என்று ஐயா சொல்லியிருந்தபடியால் நான் புல்லும் பிடுங்கவில்லை. கோயிலில் கிடைத்த வாழைப்பழம், கடலை, அவல் எல்லாவற்றையும் கொண்டுவந்து கூட்டுக்குள் வைத்தேன். முயல் ஆசையாகத் தின்றது. முன்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு பழத்துக்கு ஏங்கியது. நல்லாய்ப் பார்க்கிறேன் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் காலையில் பழம் வைத்தபடியே இருந்தது. எறும்பு மொய்த்திருந்தது. முயல் மூலையில் உடம்பைச் சுருக்கிக்கொண்டு, கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு இருந்தது. கடலையை மூக்கடியில் பிடித்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது.

நான் அம்மாவிடம் ஓடினேன். அம்மா வந்து குனிந்து பார்த்தார். பிறகு அவருடைய முகத்தில், ஐந்து மாதமாக நான் காணாத ஒரு வெளிச்சம் வந்தது.

"இது விரதம் பிடிக்குது பிள்ளை" என்றார். "தன்ரை எசமானுக்காக."

நான் நம்பினேன். நீங்களும் நம்பினீர்கள். ஒழுங்கையில் போய் உங்களுக்கெல்லாம் சொன்னது நான்தானே. பாடசாலை விட்டு எல்லாரும் வரிசையாக வந்து பார்த்தீர்கள். உங்கள் அம்மாமாரும் வந்தார்கள். ஒருவர் செவ்வரத்தம்பூ கொண்டுவந்து கூட்டுக்கு மேலே வைத்தார். முன்வீட்டு அக்கா முயலின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார். அது தலையை அசைக்கவும் இல்லை. "பாருங்கோவன், என்ன அடக்கம்!" என்றார். தலையை அசைக்க அதற்குச் சீவன் இல்லை என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

நான் ஒரு வெள்ளை நூலை எடுத்துக் கூட்டுக் கம்பியில் மூன்று முடிச்சுப் போட்டேன். முயலுக்கும் காப்பு.

ஐயாதான் சிரித்தார். "வீட்டிலை விரதம் பிடிக்காத மிருகம் நான் ஒருத்தன்தான் போலை" என்று சொல்லிக்கொண்டு மண்வெட்டியோடு தோட்டத்துக்குப் போனார். அவரும் கூட்டுக்குக் கீழே குனிந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நிலம் வெறுமையாகக் கிடந்ததைக் கண்டிருப்பார். மழைத் தண்ணீர் அள்ளிக்கொண்டு போய்விட்டது என்று நினைத்தாராம்.

நான்காம் நாள் மத்தியானம் மாமி வந்தார்.

மாமியும் மாமாவும் எங்களுக்குச் சொந்தம் இல்லை. தெல்லிப்பழைப் பக்கம் இருந்து இடம்பெயர்ந்து வந்து, எங்கள் வீட்டுப் பக்கத்து அறையில் இரண்டு வருசமாக இருந்தார்கள். மாமா முந்தி மாடுகளுக்கு ஊசி போடுகிற வேலை செய்தவர். அவர் ஊரில் இருந்து எடுத்துக்கொண்டு வந்த பெரிய சொத்து, தகரப்பெட்டிக்குள் பஞ்சு சுற்றி வைத்திருந்த ஒரு கண்ணாடிச் சிறிஞ்சு. மாமி அந்தக் கிழமை மாமாவோடு கொக்குவிலில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தார். திரும்பி வந்தவர் கைப்பையையும் வைக்காமல், கூட்டுக்கு மேலே பூவைக் கண்டு நின்றுவிட்டார்.

"உதென்ன, முயலுக்குச் செத்தவீடோ?"

"இல்லை மாமி, அது விரதம்" என்றேன்.

"என்ன விரதம்?"

"கந்தசஷ்டி."

மாமி சிரிக்கவில்லை. கூட்டைத் திறந்து கையை விட்டார். காதைப் பிடித்துப் பார்த்தார். வயிற்றுக்குக் கீழே விரலை வைத்து மெல்ல அழுத்தினார். முயல் பல்லை நறநறவென்று கடித்தது. பிறகு குந்தி, கூட்டுக்குக் கீழே நிலத்தைப் பார்த்தார்.

"எப்ப துவக்கம் புழுக்கை போடேல்லை?"

எனக்குத் தெரியவில்லை. சாப்பிடுதோ என்று பார்க்கத்தான் அண்ணை சொன்னான்.

"என்ன குடுத்தனி?"

பழமும் கடலையும் அவலும் என்று சொன்னேன். மாமி நெற்றியில் கையை வைத்தார்.

"ஐயோ பிள்ளை. புல்லுத் தின்னிற வயித்துக்கை வாழைப்பழத்தை அடைஞ்சு போட்டியே. முயல் எண்டால் ஓயாமல் அரைச்சுக்கொண்டிருக்கிற சாதி. அதின்ரை குடல் நிண்டால் அதுவும் நிண்டுபோம். விரதமாம் விரதம்!"

"நோகுதெண்டால் கத்துமெல்லே மாமி?"

"கத்தாது. கத்தினால் நரி வந்திடும் எண்ட பயம். கூட்டுக்கை பூட்டி வைச்சாலும் அந்தப் பயம் அதுக்குப் போகாது. ஒண்டுமில்லை எண்டு முகத்தை வைச்சுக்கொண்டிருந்து சாகும்."

அம்மா கிணற்றடியில் தோய்ந்துவிட்டு ஈரத்தலையோடு வந்தார். மாமி எழும்பினார்.

"அக்கா, இதுக்கு வயிறு நிண்டுபோச்சு. இப்பவே வாயிலை ஏதும் தீத்தாட்டில் நாளைக்குக் காணமாட்டியள்."

"நீர் இப்பதானே வந்தனீர். நான் இரண்டு நாளாய்ப் பாத்துக்கொண்டிருக்கிறன். அது அவனுக்காகக் கிடக்குது."

"அவருக்காகக் கிடக்குதெண்டே வைப்பம். அவர் வரேக்கை இது இருக்கவேணுமெல்லே?"

அம்மாவின் முகம் மாறியது. "இன்னும் இரண்டு நாள். சூரன்போர் முடியட்டும். பாரணையண்டு என்ரை கையாலை தீத்துவன். நடுவிலை குழப்பினால் என்ன நடக்குமோ எண்டு எனக்கு நெஞ்சு பதறுது."

"அக்கா…"

"இடம் தந்த வீட்டிலை வந்து நிண்டு என்ரை விரதத்தைக் குழப்பாதேயும்."

அம்மா அப்படிக் கதைக்கிறவர் இல்லை. நாலு நாள் சோறில்லாத வாய், ஐந்து மாதம் நித்திரையில்லாத கண். இப்போது எனக்கு அது விளங்குகிறது. அப்போது மாமியின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

மாமி கைப்பையை எடுத்தார். "சரி அக்கா. உங்கடை வீடு, உங்கடை முயல். ஒண்டு மட்டும் செய்யுங்கோ. அதின்ரை காதைத் தொட்டுப் பாருங்கோ. பிறகு உங்கடை விருப்பம்." அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அம்மா தொடவில்லை. குசினிக்குள் போய்விட்டார். நான் கூட்டடியில் இருந்தேன். முயலின் வயிறு மெல்ல ஏறி இறங்கியது. நெற்றித் திருநீறு மூக்குவரை உதிர்ந்திருந்தது. அண்ணை சொன்னதை நான் செய்தேனா என்று யோசித்தேன். சாப்பிடாவிட்டால் ஆரிடமாவது சொல்லு என்றான். நான் ஊர் முழுக்கச் சொல்லியிருந்தேன். ஆனால் சாப்பிடவில்லை என்று சொல்லவில்லை. விரதம் என்று சொல்லியிருந்தேன்.

குசினிக்குள் போனேன். அம்மா அடுப்படியில் சும்மா இருந்தார். எரியாத அடுப்பு.

"அம்மா, அண்ணை கடைசியாய் என்னட்டை என்ன சொன்னவன் தெரியுமே?"

அம்மா நிமிர்ந்தார். அண்ணை சொன்ன எந்தச் சொல்லுக்கும் அவர் அந்த நாட்களில் அப்படித்தான் நிமிர்வார். நான் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்துவிட்டது. "அவன் கடிதத்திலை முயலைக் கேட்டால் நான் என்னெண்டு எழுதிறது?"

அம்மா எழும்பி வந்தார். கூட்டுக்குள் கையை விட்டுக் கறுப்பு நுனிக் காதைத் தொட்டார். தொட்ட கை அப்படியே நின்றது.

"கிணத்துத் தண்ணி மாதிரிக் கிடக்கே" என்றார், தனக்குச் சொல்லுவதுபோல.

பிறகு நான் கட்டிய நூலை அவிழ்த்தார். மூன்று முடிச்சும் மழையில் இறுகியிருந்தன. பல்லால் கடித்து அவிழ்த்தார். அன்றைக்குத் தனக்கென்று சீவி வைத்திருந்த இளநீரைத் தூக்கிக்கொண்டு போய் மாமியின் கதவடியில் நின்று, "இஞ்சை, ஒருக்கால் வாருமப்பா" என்றார். மன்னிப்பு என்ற சொல்லை அவர்கள் இரண்டு பேரும் சொல்லவும் இல்லை, எதிர்பார்க்கவும் இல்லை.

மாமி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். முதலில் முயலின் உடம்பைச் சூடாக்க வேண்டும் என்றார். "சுடுதண்ணி விட ஒரு தட்டைப் போத்தல் வேணும்."

தட்டைப் போத்தல் எங்கள் வீட்டில் எங்கே? ஐயா அப்போதுதான் தோட்டத்தால் வந்து கால் கழுவிக்கொண்டு நின்றார். வீட்டின் பின்கோடிக்குப் போய், விறகு அடுக்குக்குப் பின்னால் கையை விட்டு, ஒரு சாராயப் போத்தலை எடுத்துக்கொண்டு வந்தார்.

அம்மா பார்த்தார். "விரதவீட்டிலை?"

"வெறும் போத்தலப்பா. அதுவும் விரதம்தான்" என்றார் ஐயா.

மாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அம்மாவும் சிரித்தார். அண்ணை போனபிறகு அம்மா சிரித்தது அன்றைக்குத்தான்.

போத்தலில் சுடுதண்ணீர் விட்டு, துவாயால் சுற்றி, முயலுக்குப் பக்கத்தில் வைத்தோம். மாமி அடுத்ததாகச் சிறிஞ்சைக் கேட்டார். மாமா தகரப்பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

"என்ன விளையாட்டே? ஆஸ்பத்திரியிலையே சிறிஞ்சு இல்லாத காலம். முயலின்ரை வாய்க்கை விடவோ தாறது?"

"இரண்டு வருசமாய்ப் பெட்டிக்கை கிடந்து அது ஆருக்கு ஊசி போட்டது? உங்களுக்கோ?"

"உடைஞ்சால்?"

"உடைஞ்சால் நான் உங்களுக்குப் புதுசாய் ஒரு மாடு பிடிச்சுத் தாறன். கொண்டாருங்கோ."

மாமா கொண்டுவந்தார். ஊசியைக் கழற்றி வைத்துவிட்டு, சிறிஞ்சைத் தானே கொதிதண்ணீரில் போட்டு எடுத்தார். அதற்குப் பிறகு அவ்விடத்தை விட்டு அசையவில்லை. மாமி முயலைத் துவாயில் சுற்றியபோது, "மல்லாத்தாதை, மல்லாத்தாதை. தண்ணி சுவாசப்பைக்குப் போனால் முடிஞ்சுது. குந்தினபடி வைச்சிரு" என்று பதறினார்.

இளநீரில் அரைவாசிக்கு ஆறின தண்ணீர் கலந்தார்கள். முன்பல்லுக்கு நேரே விடாமல், பக்கத்தால், கடவாயில் சிறிஞ்சின் நுனியை வைத்து, ஒரு சொட்டு. பொறுத்து இன்னொரு சொட்டு. முதல் சொட்டுகள் வெளியால் வழிந்தன. அம்மா தன் சேலைத் தலைப்பால் துடைத்தார். நாலாவதோ ஐந்தாவதோ சொட்டுக்கு முயலின் தாடை மெல்ல அசைந்தது.

"விழுங்குது" என்றார் மாமி. "அக்கா, இப்ப நீங்கள் விடுங்கோ."

அம்மா கையில் தர்ப்பைக் காப்போடு சிறிஞ்சை வாங்கினார். என் விரலைக் கீழே பிடிக்கச் சொன்னார். நாங்கள் இருவரும் அப்படியே கோம்பையில் இருந்த இளநீரை, பொழுதுபடுமட்டும், சொட்டுச் சொட்டாக விட்டோம். மிச்சம் இருந்ததா, அம்மா அன்றைக்கு என்ன குடித்தார் என்று நான் கவனிக்கவில்லை. பிறகு பல வருசம் கழித்துத்தான் அந்தக் கேள்வி எனக்கு வந்தது.

அடுத்தநாள் விடிய ஐயா மழை படாத மால் கொட்டில் ஓரமாகப் பார்த்து அறுகம்புல் பிடுங்கிவந்தார். மாமி அதை உரலில் மைபோல் இடித்து, தண்ணீர் விட்டுக் கரைத்துத் தந்தார். மணிக்கொரு தரம் அதையும் இளநீரையும் மாறி மாறிக் கொடுத்தோம். வயிற்றைத் தடவிவிட வேண்டும், முன்னால் இருந்து பின்னால், அதற்கு நோகாத மாதிரி மெல்ல. நான் தடவினேன். உள்ளே இறுகிய மாவுருண்டை மாதிரி இருந்தது. கொஞ்சத் தூரம் நடக்கவிடச் சொன்னார் மாமி. முயல் இரண்டு அடி வைத்துவிட்டு நின்றது. காது கொஞ்சம் சூடேறியிருந்தது. ஆனால் கூட்டுக்குக் கீழே நிலம் வெறுமையாகவே கிடந்தது. மாமி ஒவ்வொரு முறையும் குனிந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பாராமல் எழும்பினார்.

மாமியும் முந்தி முயல் வளர்த்தவர். அன்றைக்குத்தான் சொன்னார். "ஏழு. ஊரை விட்டு வெளிக்கிடேக்கை கூட்டைத் திறந்து விட்டிட்டு வந்தனாங்கள். ஒண்டும் வெளியிலை வரேல்லை. திரும்பிப் பாத்தன், ஏழும் கூட்டுக்கை இருந்து எங்களைத்தான் பாத்துக்கொண்டிருந்துதுகள்."

சூரன்போர் அன்றைக்கு நீங்கள் எல்லாரும் கோயிலுக்குப் போனீர்கள். நான் போகவில்லை. மேளச்சத்தமும் ஆட்கள் கத்துகிற சத்தமும் வயலுக்கு மேலால் வந்தன. ஆட்டுக்கடா முகத்தோடு சூரன் ஓடிவருகிற நேரம் இது, தலை விழுகிற நேரம் இது என்று சத்தத்தை வைத்தே எனக்குத் தெரிந்தது. மடியில் முயல் இருந்தது. வயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தேன். மேளம் ஓய்ந்த பிறகு என் பாவாடையில் ஏதோ குத்தியது.

புழுக்கை. மிளகளவு, காய்ந்து, மயிரில் கோர்த்த மணிமாதிரி மூன்று ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தன.

நான் அதை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு படலைக்கு ஓடினேன். அம்மா கோயிலால் வந்துகொண்டிருந்தார். ஆறுநாள் பட்டினியில் கண் உள்ளே போயிருந்தது. நான் கையை நீட்டினேன். இருட்டுகிற நேரம், என்னவென்று தெரியாமல், கோயிலில் திருநீறு வாங்குவதுபோல அம்மாவும் வலது கையை நீட்டினார். கையில் விழுந்ததைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

பின்னால் வந்த ஐயா எட்டிப் பார்த்துவிட்டு, "உதைவிடப் பெரிய பிரசாதம் இண்டைக்கு ஒருத்தருக்கும் கிடைச்சிராது" என்றார்.

அம்மா அழுதார். படலையில் சாய்ந்துகொண்டு, சத்தம் இல்லாமல், வெகுநேரம் அழுதார். அது முயலுக்கான அழுகை இல்லை என்று பத்து வயதிலும் எனக்குத் தெரிந்தது.

பாரணையன்று காலையில் அம்மா தலைவாழை இலை போட்டார். தனக்குப் போடமுன் ஒரு துண்டு இலையில் அறுகம்புல்லை வைத்து முயலுக்குக் கொண்டுபோனார். அது ஒரு புல்லை இழுத்து, நுனியில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக வாய்க்குள் அரைத்து எடுத்தது. அரைக்கிற சத்தம் கேட்டது. அம்மா அதைக் கேட்டுவிட்டு வந்துதான் சோற்றில் கை வைத்தார்.

அண்ணையின் கடிதம் தையில் வந்தது. யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள், மடித்து மடித்துக் கிழிகிற நிலையில் இருந்தது. கொழும்பில் நிற்கிறேன், சுகம் என்று எழுதியிருந்தான். மூன்றாவது வரி: "முயல் சாப்பிடுதோ?" அம்மா அந்த வரியை என்னைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார்.

தொண்ணூற்றைந்தில் சண்டை கிட்ட வர நாங்கள் எல்லாரும் ஊரை விட்டு வெளிக்கிட்டது உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதுவும் ஐப்பசிதான். அம்மாவின் விரதம் முடிந்த கையோடு. மாமியும் மாமாவும் அந்தத் தகரப்பெட்டியோடு சனத்துக்குள் போனார்கள். பிறகு நாங்கள் அவர்களைக் காணவில்லை. நான் முயலைக் கூட்டிலிருந்து தூக்கி வெளியே விட்டேன். மாமி சொன்னதை நினைத்து, கூட்டுக் கதவையும் சாத்தினேன், திரும்பி உள்ளே போகாமல் இருக்க. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அது என்னைப் பார்த்ததோ தெரியாது. அடுத்த வருசம் வந்தபோது கூடும் இல்லை, மாமரமும் இல்லை.

அண்ணை கொழும்பால் வெளிநாடு போய்ச் சேர்ந்தான். ஐயா கண்ணை மூடி மூன்று வருசம். நானும் அம்மாவும்தான் வீட்டில்.

இந்த வருசத் தொடக்கத்தில் அம்மாவின் விரதங்கள் கூடின. வெள்ளி மட்டும் இருந்தவர் செவ்வாயும் என்றார். பிறகு திங்கள். பிறகு சதுர்த்தி, ஏகாதசி, பெயர் தெரியாத இன்னும் எத்தனையோ. விரதம் இல்லாத நாளில், "நான் முந்தியே சாப்பிட்டிட்டன் பிள்ளை" என்பார். சோறு குழையக் காய்ச்சச் சொன்னார். பிறகு கஞ்சி என்றார். பிறகு இளநீர்.

அண்ணை தொலைபேசியில் கேட்டான். "படத்திலை அம்மா மெலிஞ்சிருக்கிறா. என்ன?"

"விரதம் கூடிப்போச்சு. உனக்குத் தெரியுமெல்லே அவவை" என்று நான் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்தவர்கள், அம்மாவின் முகத்தில் ஒரு சாமிக்களை வந்திருக்கிறது என்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆஸ்பத்திரியில், சாப்பாடு இறங்குகிற குழாயில் கட்டி என்றார்கள். மாதக்கணக்காக விழுங்கக் கஷ்டப்பட்டிருப்பா என்றார்கள். "ஏன் இவ்வளவு பிந்திக் கொண்டுவந்தனீங்கள்?" என்று டொக்டர் கேட்டார்.

வீட்டுக்குக் கூட்டிக்கொண்டுவந்த பிறகு, பிளாஸ்டிக் சிறிஞ்சு ஒன்று வாங்கினேன். இளநீரில் அரைவாசிக்கு ஆறின தண்ணீர். தலையணையை உயர்த்தி, சாய்த்து வைத்துக்கொண்டு, கடவாயால் ஒரு சொட்டு. பொறுத்து இன்னொரு சொட்டு. அம்மா என் கையைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு வந்தது.

"மல்லாத்தாதை" என்றார்.

"ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை?"

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். நித்திரை என்று நினைத்தேன். பிறகு சொன்னார்: "நீ விரதமெண்டு நம்பினனி. அது எனக்கு ஆறுதலாய் இருந்துது."

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் விடிய எழும்பியதும் அம்மாவின் காதைத் தொட்டுப் பார்த்தேன். பதினொரு நாள் சூடாக இருந்தது.

கல்வெட்டுப் பக்கம் இன்னும் வெறுமையாகத்தான் கிடக்கிறது. பெரியப்பாவின் மகன் நாளைக்கு வருவார். அவருக்கு நான் ஏதாவது ஒரு தேவாரத்தை எழுதிக் கொடுத்துவிடுவேன். உங்களுக்கு எழுதியது வேறு ஒரு காரியத்துக்காக. சாப்பிடாட்டில் ஆரிட்டையாவது சொல்லு, நீயே வைச்சுக்கொண்டிராதை என்று அண்ணை சொன்னான். முயலிலும் நான் பிந்தினேன். அம்மாவிலும் பிந்தினேன். இப்போது உங்களிடம் சொல்லுகிறேன்.

அம்மா சாப்பிடவில்லை. அது விரதம் இல்லை.